கவர்மெண்ட் மாத்திரையில் வீரியம் குறைவா, டாக்டர் அம்மா?

கேள்வி: டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் சூப்பர்வைசர். அம்மாவும் மனைவியும் டெல்டா பக்கம் எங்கள் கிராமத்தில் இருக்கிறார்கள். அம்மாவுக்கு 64 வயது, ஒன்பது வருஷமாக சுகர், பிரஷர். டவுனில் ஒரு தனியார் மருத்துவமனையில் காட்டுகிறோம். பஸ், ஃபீஸ், டெஸ்ட், மாத்திரை என்று மாதம் 3,500 ரூபாய் ஆகிவிடுகிறது. போன வருஷத்திலிருந்து 'மக்களைத் தேடி மருத்துவம்' என்று ஒரு அக்கா வீட்டுக்கே வந்தும் மாத்திரை கொடுத்துவிட்டுப் போகிறார். மனைவிக்கு இது ஐந்தாம் மாதம், தலைப்பிரசவம். "எல்லாத்துக்கும் நம்ம ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கே போகலாம், ஒரே இடத்துல முடிஞ்சிடும்" என்கிறாள். எனக்கு மனசு ஒப்பவில்லை. கவர்மெண்ட் மாத்திரையில் வீரியம் கம்மி என்று எல்லாரும் சொல்கிறார்கள், அம்மாவும் அதைத்தான் சொல்கிறார். கொஞ்ச நாளாக அம்மாவுக்குக் காலை பதினோரு மணி வாக்கில் தலைசுற்றலும் படபடப்பும் வருகிறது. கால் வேறு வீங்குகிறது. அவர் சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும் போட்டோ எடுத்து இணைத்திருக்கிறேன். என்ன செய்யலாம்?

பதில்:

தம்பி, உங்கள் கேள்வியை அப்புறம் பார்க்கலாம். முதலில் அந்த போட்டோ.

ஏழு அட்டைகள் இருக்கின்றன. இரண்டு அரசு கொடுத்தவை, ஐந்து டவுனில் வாங்கியவை. அரசு கொடுத்ததில் ஒன்று மெட்ஃபார்மின், சுகருக்கு. இன்னொன்று அம்லோடிபின், பிரஷருக்கு. டவுன் அட்டைகளில் பளபளப்பான பச்சை நிறத்தில் ஒன்று இருக்கிறதே, அதன் பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் பெரிதாக்கிப் படித்தேன். கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும் சேர்ந்த கூட்டு மாத்திரை அது. நீல அட்டை டெல்மிசார்டானும் அம்லோடிபினும் சேர்ந்தது. பெயர் வேறு, நிறம் வேறு, கம்பெனி வேறு. உள்ளே இருக்கும் மருந்து அதேதான். உங்கள் அம்மா மெட்ஃபார்மினை இரண்டு தடவை, அம்லோடிபினை இரண்டு தடவை சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்.

ஏன் என்று நானே ஊகித்துச் சொல்கிறேன். "கவர்மெண்ட் மாத்திரைக்கு வீரியம் கம்மி, அதையும் இதையும் சேர்த்துப் போட்டாத்தான் கேட்கும்." முப்பது வருஷம் ஆரம்ப சுகாதார நிலையங்களில் வேலை பார்த்தவள் நான். இந்த வாக்கியத்தை எத்தனை பாட்டிகள் வாயிலிருந்து கேட்டிருக்கிறேன் என்று கணக்கே இல்லை. ஆக, நீங்கள் கேட்ட கேள்வியும் அம்மாவின் தலைசுற்றலும் ஒரே முடிச்சாக இருக்கலாம்.

கால் வீக்கத்துக்கு வருகிறேன். அம்லோடிபின் அளவு கூடினால் கணுக்கால் வீங்குவது எல்லா டாக்டருக்கும் தெரிந்த விஷயம். ஆனால் டவுன் டாக்டருக்கு, அம்மா அரசு மாத்திரையும் சாப்பிடுகிறார் என்பது தெரியாது; இவர் சொல்லியிருக்க மாட்டார். அவர் வீக்கத்தைப் பார்த்துவிட்டு நீர் மாத்திரை எழுதியிருக்கிறார், உங்கள் போட்டோவில் ஐந்தாவது அட்டை அது. நீர் மாத்திரையால் ரத்த அழுத்தம் இன்னும் கொஞ்சம் இறங்கும், எழுந்து நின்றால் கிறுகிறுக்கும். தலைசுற்றலுக்கு என்று இன்னொரு மாத்திரை இன்னும் எழுதப்படவில்லை, அந்த மட்டில் சந்தோஷம். வீக்கத்துக்குச் சிறுநீரகமும் காரணமாக இருக்கலாம், அதனால் இதுதான் என்று இங்கே உட்கார்ந்து நான் அடித்துச் சொல்ல மாட்டேன். பதினோரு மணிப் படபடப்புக்கும் இரண்டு காரணம் இருக்கலாம். பிரஷர் இறங்குவது ஒன்று. கிளிமிபிரைடை ஏழு மணிக்கு விழுங்கிவிட்டு இட்லியை ஒன்பதரைக்குச் சாப்பிட்டால், அல்லது அரைகுறையாகச் சாப்பிட்டால், சுகர் தாழ்ந்துபோவது இன்னொன்று. இரண்டாவதுதான் எனக்குப் பயம்.

செய்ய வேண்டியது இது. நாளைக் காலை அம்மா எதையும் விழுங்க வேண்டாம். ஏழு அட்டைகளையும், வீட்டில் கிடக்கும் பழைய அட்டைகளையும், டவுன் சீட்டுகளையும் ஒரு மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு, வெறும் வயிற்றோடு உங்கள் மனைவியின் துணையில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகட்டும். கையில் பிஸ்கட்டும் இரண்டு இட்லியும் இருக்கட்டும், ரத்தம் எடுத்தவுடனே சாப்பிட. அங்கே பையைக் கவிழ்த்து டாக்டர் மேஜையில் கொட்டச் சொல்லுங்கள். எதை நிறுத்துவது, எதை வைத்துக்கொள்வது என்று அவர் சொல்லட்டும். நீங்களாக போனில் "அதை நிறுத்து, இதை நிறுத்து" என்று ஆரம்பிக்காதீர்கள், வழக்கமாக எது நிற்கக் கூடாதோ அதுதான் நின்றுபோகும். இதற்கிடையில் உடம்பு வியர்த்து, கை நடுங்கி, பேச்சு தடுமாறினால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து குடிக்கக் கொடுக்க வேண்டும். கால் மணி நேரத்தில் தெளியவில்லை என்றால் இன்னொரு தடவை. மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் 108.

சரி, இப்போது வீரியம்.

தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து வாங்கிக் கொடுப்பது தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம். 1994இல் தொடங்கினார்கள். அதற்கு முன்னால் இருந்த நிலைமையை என் சீனியர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன்: அங்கங்கே தனித்தனிக் கொள்முதல், ஓரிடத்தில் குவிந்து காலாவதியாகும், இன்னோரிடத்தில் காய்ச்சல் மாத்திரைகூட இருக்காது. இப்போது மொத்தமாக டெண்டர் விட்டு வாங்குகிறார்கள். மாவட்டக் கிடங்குக்கு வரும் ஒவ்வொரு மருந்துத் தொகுதியிலிருந்தும் (பேட்ச்) மாதிரி எடுத்து, எந்தக் கம்பெனி என்பது தெரியாதபடி மறைத்து, ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவார்கள். தேறினால்தான் வெளியே போகும். கேரளாவும் ராஜஸ்தானும் பிற்பாடு இதே பாணியில் கழகம் அமைத்தன. எப்போதாவது ஒரு தொகுதி சரியில்லை என்று திரும்பப் பெறுவது நடக்கும். அது கடைச் சரக்கிலும் நடப்பதுதான், அங்கே உங்களுக்குச் சொல்ல ஆள் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். 500 மில்லிகிராம் மெட்ஃபார்மின் என்றால் எங்கே வாங்கினாலும் 500 மில்லிகிராம்தான்.

பின்னே விலை எப்படி இவ்வளவு குறைகிறது? பளபளப்பு அட்டை, விளம்பரம், மருந்துப் பிரதிநிதியின் பைக் பெட்ரோல், கடைக்காரர் கமிஷன் எதுவும் இதில் கிடையாது.

ஒரு குறை உண்மையிலேயே இருக்கிறது, ஆனால் அது வீரியத்தில் இல்லை. டெண்டர் மாறினால் கம்பெனி மாறும், கம்பெனி மாறினால் மாத்திரையின் உருவம் மாறும். என்னிடம் வந்துகொண்டிருந்த ஒரு பாட்டிக்கு எழுத்து தெரியாது. "வெள்ளையில பெரிசு சக்கரைக்கு, ரோஸ் பிரஷருக்கு" என்று கணக்கு வைத்திருந்தார். ஒரு மாதம் ரோஸ் மாத்திரை வெள்ளையாக வந்தது. மருந்தாளுநர் அவசரத்தில் சொல்லவில்லை. பாட்டி, "சக்கரை மாத்திரையை ரெண்டு பங்கா குடுத்துட்டாங்க" என்று நினைத்து, சின்ன வெள்ளையை எல்லாம் டப்பாவில் போட்டு வைத்துவிட்டார். அடுத்த மாதம் பிரஷர் 190. டப்பாவைத் திறந்து காட்டியபோது முப்பதும் அப்படியே இருந்தன. அதிலிருந்து அட்டையை வெட்டிக் கொடுக்கும்போது சூரியன், நிலா என்று மேலே பேனாவால் வரைந்து கொடுக்கச் சொன்னேன். உங்கள் மனைவி இதை வீட்டிலேயே செய்யலாம்.

அடுத்து, எங்கே காட்டுவது. நான் அரசு டாக்டராக இருந்தவள், பட்சபாதம் இருக்கும் என்று நீங்கள் நினைத்தால் தப்பில்லை. டவுன் டாக்டரே நல்லவர், அவரிடமே தொடர்கிறேன் என்றாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. இரண்டு இடத்தில் ஒருவருக்கொருவர் தெரியாமல் மாத்திரை வாங்குவது மட்டும் கூடாது. அங்கேயே தொடர்வதானால் வீட்டுக்கு வரும் அக்காவிடம் சொல்லிவிடுங்கள், அவர் ஒன்றும் கோபித்துக்கொள்ள மாட்டார். ஆனால் உங்கள் வீட்டு நிலைமைக்கு, ஒரு சுகர் நோயாளி, ஒரு கர்ப்பிணி, வெளியூரில் ஒரு மகன் என்று இருக்கும்போது, உங்கள் மனைவி சொல்வதில்தான் நியாயம் அதிகம் என்று எனக்குப் படுகிறது.

காலை ஒன்பது மணிக்கு ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தில் போய் நின்றால் தெரியும். ஓ.பி. சீட்டு போடும் ஜன்னல், பக்கத்திலேயே பிரஷர் பார்க்கும் நர்ஸ், எதிரே டாக்டர் அறை, இரண்டடி தள்ளி லேப், அதைத் தாண்டி மருந்து கொடுக்கும் ஜன்னல். பின்பக்கம் பிரசவ அறை. பல இடங்களில் ஒரு சித்தா டாக்டரும் இருப்பார். மூட்டுவலித் தைலத்துக்கு அங்கே ஒரு தனிக் கூட்டம். உங்கள் அம்மா அங்கே கஷாயம் ஏதும் வாங்கினால் அதையும் மஞ்சள் பையில் சேர்த்துவிட வேண்டும். புதன்கிழமை என்றால் தடுப்பூசி போட வந்த குழந்தைகளின் அழுகை வாசல் வரை கேட்கும். கர்ப்பிணிகளுக்குப் பெரும்பாலும் செவ்வாய்க்கிழமை.

டவுனில் பாதி நாள் பிடிக்கிற அலைச்சல் இங்கே நாற்பதடிக்குள் முடியும் என்பது ஒரு வசதி. எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது, இவர்களுக்கு உங்கள் வீடு தெரியும் என்பது. சமவெளியில் ஏறக்குறைய 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், அதில் ஒரு கிராம சுகாதார செவிலியர். 30,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம். வட்டாரத்துக்கு ஒன்று 30 படுக்கைகளோடு, ஸ்கேன், ஈ.சி.ஜி. வசதியோடு இருக்கும். அதற்கு மேல் தாலுகா, மாவட்டத் தலைமை மருத்துவமனை. அம்மா மாத்திரை வாங்க வரவில்லை என்றால் நர்ஸம்மா தெருவில் பார்த்து, "என்னம்மா, போன மாசம் ஆளைக் காணோம்?" என்று கேட்பார். வீட்டுக்கு வரும் அந்த அக்காவும் இந்த ஏற்பாட்டின் ஒரு விரல்தான். 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய திட்டம் அது. நடக்க முடியாதவர்களுக்கு இயன்முறைப் பயிற்சி கொடுக்கவும், படுத்த படுக்கையில் இருப்பவர்களைப் பராமரிக்கவும் அதில் ஆட்கள் உண்டு. அவர் மாத்திரை கொடுத்தார் என்பதற்காக நிலையத்து டாக்டரைப் பார்க்காமலே இருந்துவிடக் கூடாது. அம்மா விஷயத்தில் அதுதான் நடந்திருக்கிறது.

எனவே போனது போனதுதான், இனி கேட்க வேண்டியவை: வெறும் வயிற்று சுகர், சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து ஒன்று, சிறுநீரில் புரதம், ரத்தத்தில் கிரியாட்டினின், ஈ.சி.ஜி., கண் விழித்திரை, பாதம். மூன்று மாத சராசரியைச் சொல்லும் பரிசோதனைக்கும் விழித்திரைக்கும் வட்டார நிலையத்துக்கோ ஜி.எச்.சுக்கோ அனுப்பலாம். அனுப்பினால் "இங்கே ஒண்ணும் இல்ல" என்று சலித்துக்கொள்ளாமல் போகச் சொல்லுங்கள். ஒன்பது வருஷச் சுகருக்குக் கண்ணைக் காட்டியதாக உங்கள் கடிதத்தில் ஒரு வார்த்தைகூட இல்லை.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் போய்ப் பார்த்துவிட்டு என்னைத் திட்டுவீர்கள். பத்தரை மணிக்கு மேல் போனால் கூட்டம் நெருக்கும். டாக்டர் மீட்டிங்குக்கோ முகாமுக்கோ போயிருக்கலாம். நர்ஸம்மாவின் போன் நம்பரை வாங்கி வைத்துக்கொண்டு, கேட்டுவிட்டுப் போவது நல்லது. நான் வேலை பார்த்த ஒரு நிலையத்தில் லேப் டெக்னீஷியன் பணியிடம் எட்டு மாதம் காலியாகக் கிடந்தது. மெஷின் மட்டும் துணி போர்த்தி உட்கார்ந்திருந்தது. நான் எழுதிய கடிதங்களின் நகல் இன்னும் என்னிடம் இருக்கிறது. 1959இல் அமைக்கப்பட்ட லட்சுமணசாமி முதலியார் குழு, புதிது புதிதாக நிலையங்கள் திறப்பதைவிட இருப்பவற்றை முழுதாக நிரப்புங்கள் என்ற பொருளில் அப்போதே அறிக்கை கொடுத்தது. திறப்பு விழாவுக்குக் கல்வெட்டு உண்டு, காலியிடத்தை நிரப்பினால் கல்வெட்டு கிடையாதே.

இன்னொன்று, மரியாதை. வயசான அம்மாவை "இந்தா, இங்க வா" என்று கூப்பிடும் ஆட்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். அதை நான் நியாயப்படுத்த மாட்டேன். உங்களுக்கு மனசு ஒப்பாததற்கு அதுவும் ஒரு காரணமோ என்று தோன்றியது. அப்படி நடந்தால் அங்கேயே டாக்டரிடம் சொல்லுங்கள், அல்லது 104க்குப் போன் செய்து புகாராகப் பதியுங்கள். சொல்லாமல் டவுனுக்குப் போய்விடுகிறவர்களால்தான் இங்கே எதுவும் மாறாமல் இருக்கிறது.

மனைவி விஷயம். ஐந்தாம் மாதம் என்றால் நாள் முக்கியம். குழந்தையின் உறுப்பு வளர்ச்சியைப் பார்க்கும் ஸ்கேனுக்கு 18 முதல் 20 வாரம் வரை சரியான நேரம், தாண்டவிட வேண்டாம். உங்கள் நிலையத்தில் அதற்குரிய டாக்டர் இல்லை என்றால் அவர்களே சீட்டு எழுதி அனுப்புவார்கள். கர்ப்பத்தைப் பதிந்ததும் கொடுக்கும், பிக்மி எண் என்று சொல்லும் 12 இலக்க எண் வாங்கியாகிவிட்டதா? இல்லை என்றால் இந்த வாரமே நர்ஸம்மாவிடம் பதிய வேண்டும். தனியாரில் பிரசவம் பார்த்தாலும் குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கு அந்த எண் வேண்டும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி 18,000 ரூபாய்க்கும் அதுதான் கதவு: 14,000 பணமாகத் தவணைகளில், மீதிக்கு ஊட்டச்சத்துப் பெட்டகம் இரண்டு. 12 வாரத்துக்குள் பதிந்திருந்தால் நல்லது. நிபந்தனைகளையும் உங்களுக்குப் பொருந்துமா என்பதையும் நர்ஸம்மாவே சொல்லிவிடுவார்.

நிலையத்தில் மனைவிக்கு 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுத்து, இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பார்கள். வெறும் வயிறாக இருக்க வேண்டும் என்பதில்லை. 140 அல்லது அதற்கு மேல் வந்தால் கர்ப்பகாலச் சர்க்கரை. முதல் தடவை நன்றாக இருந்தாலும் 24 முதல் 28 வாரத்துக்குள் மறுபடியும் பார்க்க வேண்டும். இரும்புச்சத்து மாத்திரையை டீ, காபியோடு போட வேண்டாம், சுண்ணாம்புச்சத்து மாத்திரையோடு சேர்த்தும் வேண்டாம். ஒன்று காலை, ஒன்று இரவு என்று பிரித்துக்கொள்ளலாம்.

பிரசவத்தை எங்கே வைத்துக்கொள்வது என்பதை இப்போதே முடிவு செய்ய வேண்டியதில்லை. சிக்கல் எதுவும் இல்லாத சுகப்பிரசவத்தை ஆரம்ப சுகாதார நிலையத்தில் பார்க்கலாம். ஆபரேஷன் தேவைப்பட்டால் பெரும்பாலும் அங்கே முடியாது. பிரஷர், சுகர், இரட்டைக் குழந்தை, நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருப்பது, இப்படி ஏதாவது தெரிந்தால் மாவட்ட மருத்துவமனைக்கு முன்கூட்டியே சேர்க்கச் சொல்வார்கள். அப்போது உங்கள் மாமியார் வீட்டில் யாராவது "வலி வரட்டும் பார்க்கலாம்" என்பார்கள். கேட்காதீர்கள்.

டெல்டா கிராமம் என்றீர்களே, அதனால் ஒன்று. நாய்க்கடி ஊசியும் பாம்புக்கடி முறிமருந்தும் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இருக்க வேண்டும் என்பது ஏற்பாடு. நாய் கடித்தால் முதலில் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவ வேண்டும், மஞ்சளோ சுண்ணாம்போ பூசக் கூடாது. அதே நாளில் முதல் ஊசி, பிறகு 3, 7, 28ஆம் நாட்களில். காயம் ஆழம் என்றால் காயத்தைச் சுற்றிப் போடும் இன்னொரு மருந்தும் வேண்டும், அதற்குப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பலாம். பாம்பு கடித்தால் கட்டுப் போடவோ கீறவோ கூடாது.

கடைசியாக உங்களைப் பற்றி. அம்மாவுக்குச் சுகர், மனைவி கர்ப்பம் என்று இரண்டு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் வயதைக்கூடச் சொல்லவில்லை. சுகர் உள்ள தாய்க்குப் பிறந்தவர், ஷிஃப்ட் வேலை, மதியச் சாப்பாடு மூன்று மணிக்கு. முப்பது தாண்டியிருந்தால் பிரஷரும் சுகரும் பார்த்தாக வேண்டும். நகரங்களில் நலவாழ்வு மையம் என்று திறந்திருக்கிறார்கள், காலை 8 முதல் 12 வரை, மாலை 4 முதல் 8 வரை. ஷிஃப்ட் விட்டு வரும்போது ஒரு நாள் உள்ளே போய்க் கையை நீட்டுங்கள். அம்மாவின் பையிலிருந்து டாக்டர் எத்தனை அட்டையை எடுத்துப் போட்டார் என்பதோடு, உங்கள் இரண்டு எண்களையும் சேர்த்து எனக்கு எழுதுங்கள்.